எந்தக் கீயை அழுத்துனே?

அவர் யாரிடம் பேசினாலும் முகத்தைப் பார்க்க மாட்டார். கைவிரல்களைப் பார்ப்பார். மில்லில் எல்லோருக்குமே அது சங்கடம். அவர் எதிரே வந்தால் மேஸ்திரிகள் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். டீ கொண்டுவரும் அம்மா டம்ளரை வைத்ததும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார். "அந்தம்மா பாக்கற பார்வையில, நாம எதையாச்சும் எடுத்துப் போட்டமோன்னு நமக்கே சந்தேகமாப் போயிருதுங்க" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

எண்பதுகளின் பின்பாதி. திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகிற ரோட்டில் இருந்த ஒரு நூல் மில்லில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். அவர் அதற்குப் புரோகிராமர். நான் அவருக்குக் கீழே ஆபரேட்டர். அவருடைய பெயர் எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் எழுதப்போவதில்லை. எழுதினால், "எதுக்கு எழுதினே? யாரு எழுதச் சொன்னாங்க?" என்று எங்கிருந்தாவது வந்து கேட்பார் என்ற பயம் இன்னும் போகவில்லை. மில்லில் எல்லோருக்கும் அவர் மேடம். வேலைக்குச் சேர்ந்த அன்று நான் வாய்தவறி அக்கா என்றுவிட்டேன்.

"அக்கான்னு கூப்பிடாதே" என்றார். "அப்படிக் கூப்பிட்டா ஒருத்தரை ஒருத்தர் நம்பியாகணும். மேடம்னே கூப்பிடு."

அவர் பேச்சில் எங்கள் பக்கத்து 'ங்க' இருக்காது. ஆத்தூர்ப் பக்கம் பிறந்தவர். சேலத்தில் அறை எடுத்துத் தனியாகத் தங்கி, தினமும் பஸ்ஸில் வந்துபோனார். வயது முப்பத்தைந்துக்குப் பக்கத்தில் இருக்கும். கல்யாணம் ஆகியிருந்தது. அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவை. "அவர் பார்க்கிறதா சொன்ன வேலை ஒண்ணு, பார்த்த வேலை ஒண்ணு. நான் விசாரிக்காம விட்டுட்டேன்." அதற்குமேல் கேட்க எனக்குத் துணிவில்லை.

முதல் நாளே என்னைக் கீபோர்டின் முன்னால் உட்காரவைத்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஏசியில் கால் சில்லிட்டுப்போய் உட்கார்ந்திருந்தேன். கருப்புத் திரையில் பச்சை எழுத்துகள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள் என்பதால், என் வேகத்தைக் காட்டலாம் என்று விரல்களை வைத்தேன்.

"வேகம் வேண்டாம். 'ஏ' அழுத்து."

அழுத்தினேன். திரையில் 'ஏ' வந்தது.

"இப்போ கீழே பார்க்கிற அம்பை அழுத்து."

அழுத்தினேன். ஓர் இடம் காலியாக நகர்ந்து, அதற்குப் பக்கத்தில் 'பி' (P) என்ற எழுத்து வந்து நின்றது.

எனக்கு வியர்த்துவிட்டது. "நான் 'பி' அழுத்தலீங்க மேடம்."

"எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க" என்றார்.

பிறகு அவரே விளக்கினார். நாங்கள் உபயோகித்த பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் சாதாரண எழுத்துக் கீயை அழுத்தினால் ஓர் எழுத்து வந்து சேரும். அம்பு, டெலீட், எஃப் ஒன் போன்ற தனிக் கீகள் அப்படியல்ல. அவை ஒவ்வொன்றும் இரண்டாக வரும். முதலில் ஒன்றுமே இல்லாத ஒரு வெற்றெழுத்து. அதன் பின்னால், பார்ப்பதற்கு நிஜ எழுத்தைப் போலவே ஒன்று. மேல் அம்புக்கு 'எச்', கீழ் அம்புக்கு 'பி', டெலீட்டுக்கு 'எஸ்'. முன்னால் வெற்றெழுத்து வந்தால், பின்னால் வருவது எழுத்தல்ல, தனிக் கீ என்று புரோகிராம் புரிந்துகொள்ள வேண்டும். எழுதுகிறவர் அசட்டையாக அந்த முதல் பாதியைப் பார்க்காமல் விட்டால், அம்பை அழுத்தினாலும் 'பி' அழுத்தியதாகவே மிஷின் எடுத்துக்கொள்ளும்.

"அழுத்துனது ஒண்ணு, போய்ச் சேர்ந்தது ஒண்ணு. முன்னால வர்றதைப் பார்க்காம பின்னால வர்றதை நம்புறவன் புரோகிராம் எழுதக்கூடாது. நான் எது எழுதினாலும் முதல்ல அதைத்தான் சோதிப்பேன்."

சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. ஒரு கீபோர்டைப் பற்றி இவ்வளவு வன்மத்தோடு ஒருவர் பேசி நான் கேட்டதில்லை.

அவர் எழுதிய ஒவ்வொரு புரோகிராமையும் என்னிடம் கொடுப்பதற்கு முன்னால் தானே கெடுத்துப் பார்ப்பார். உள்ளங்கையால் கீபோர்டை அறைவார். ஃபைலைத் தூக்கி அதன்மேல் போடுவார். நம்பர் கேட்கிற இடத்தில் அம்பை அழுத்துவார். பெயர் கேட்கிற இடத்தில் டெலீட்டை அழுத்துவார். எங்கேயும் மாட்டிக்கொள்ளாமல் புரோகிராம் நிமிர்ந்து நின்றால், அவர் முகத்தில் சந்தோஷம் தெரியாது. இன்னும் எதையோ கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டோம் என்கிற எரிச்சல்தான் தெரியும்.

மனிதர்களிடமும் அப்படியே. குடிதண்ணீரைச் சேலத்திலிருந்தே கொண்டுவருவார். டிபன் பாக்ஸைத் திறந்ததும் ஒரு தடவை மோந்துபார்ப்பார். தானே சமைத்துக் கட்டிக்கொண்டு வந்ததுதான். கம்ப்யூட்டருக்கு முன்பக்கம் ஒரு பூட்டு உண்டு. பூட்டிவிட்டால் எந்தக் கீயை அழுத்தினாலும் உள்ளே போகாது. அதன் சாவியை ஊக்கில் கோத்து ரவிக்கையின் உள்பக்கம் குத்தியிருப்பார். டாய்லெட்டுக்குப் போனால்கூடப் பூட்டிவிட்டுத்தான் போவார். நான் அறையிலேயே இருந்தாலும்!

அது எனக்கு வலித்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன். "என்னையக்கூட நம்ப மாட்டீங்களா மேடம்?"

"உன்னை நம்புறேனா இல்லையான்னு நான் யோசிக்கவே இல்லை. பூட்டிட்டா யோசிக்க வேண்டியதில்லை பாரு."

ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் தட்டில் வைத்துக்கொண்டு முதலாளியே கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார். வெள்ளை வேட்டி சட்டை, வெற்றிலைச் சிவப்பு, யாரையும் சாமி என்றும் அம்மிணி என்றும் கூப்பிடுகிற மனிதர். மானிட்டருக்குப் பொட்டு வைத்துவிட்டுக் கீபோர்டுக்கும் வைக்கக் கையை நீட்டினார்.

"அதுல வேண்டாம் சார்."

"ஏனுங்கம்மா, சாமி காரியந்தானுங்க?"

"குங்குமம் சந்துல எறங்கிட்டா ஒரு கீ அழுந்தினபடியே நின்னுக்கும். அப்புறம் நாம அழுத்துறோமா, அது அழுத்துதான்னு தெரியாது."

முதலாளி சிரித்துக்கொண்டே கையை எடுத்துக்கொண்டார். பின்னால் நின்ற பர்சனல் மேனேஜர் சிரிக்கவில்லை. மில்லில் ஆட்களைச் சேர்ப்பது, நிறுத்துவது, வருகைக் கணக்கு எல்லாம் அந்த மேனேஜர் கையில்தான் இருந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகு வருகைக் கணக்கு எங்கள் அறைக்கு வந்துவிட்டது. அதில் அவருக்கு மனத்தாங்கல்.

கொஞ்ச நாள் கழித்து, மேடம் வராந்தாவில் கை கழுவிக்கொண்டிருந்தார். அன்றைக்கு என்னவோ பூட்டாமல் போயிருந்தார். மேனேஜர் உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றார். "என்னம்மிணி, சோறு உண்டாச்சா?" என்று கேட்டபடியே குனிந்து, கீபோர்டில் இரண்டு கீகளைச் சேர்த்து அழுத்தினார். ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமை நடுவில் நிறுத்தி, உள்ளே இருப்பதைத் திறந்து காட்டுகிற கீகள் அவை. யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள் போலிருக்கிறது.

புரோகிராம் நிற்கவில்லை. கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. அந்த இரண்டு கீகளுக்கும் மேடம் ஏற்கெனவே கண்ணி வைத்திருந்தார். பேசிக்கில் ஒரு குறிப்பிட்ட கீயை யாராவது தொட்டால் உடனே இந்த வரிக்குப் போ என்று எழுதிவைக்க முடியும்.

ஈரக் கையோடு மேடம் வாசலில் நின்றார். மேனேஜரின் முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களைப் பார்த்தார்.

"எந்தக் கீயை அழுத்துனீங்க?"

"சும்மா, கை பட்டுருச்சுங்க."

"ஒரு கீயில கை படும். ரெண்டுல ஒரே நேரத்துல படாது."

மேனேஜர் வெளியே போனார். அன்றிலிருந்து இருவருக்கும் இடையில் பேச்சு நின்றது.

அடுத்த கோடையில் பஞ்சு குடோன் தீப்பிடித்தது. பிற்பகல் ஷிஃப்டில், எங்கள் ஜன்னலிலிருந்தே புகை தெரிந்தது. தீயணைப்பு வண்டி வருவதற்குள் பாதிப் பஞ்சு எரிந்துபோயிற்று. மூட்டைகளை இழுத்துப்போடப் போன ஒரு லோடுமேனுக்கு இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துவிட்டன. சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் மனைவி மில் வாசலில் மண்ணில் உட்கார்ந்து அழுதது எங்கள் அறைக்குக் கேட்டது.

மேனேஜர் அன்றைக்கே ஒரு பெயரைச் சொன்னார். மாரிமுத்து. நூற்புப் பிரிவில் வேலைசெய்தவர். மில்லில் சங்கம் ஆரம்பிக்க ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தவர். "சங்கம் வேண்டாம்னு சொன்னதுக்கு வஞ்சம் வெச்சுட்டானுங்க. ஷிஃப்டுக்கு வந்தவன் மிஷின்கிட்ட இல்ல. தீப்பிடிச்ச நேரத்துல எங்க போனான்?"

மாரிமுத்து, தான் அன்று மில்லுக்கே வரவில்லை என்றார். குமாரபாளையத்தில் தங்கச்சி ஊட்டுக்குப் போயிருந்தேனுங்க என்றார். அவருடைய சிநேகிதர்களும் அவர் வரவில்லை என்றார்கள். ஷிஃப்ட் மேஸ்திரியோ வந்தார் என்று அடித்துச் சொன்னார். மேஸ்திரி மேனேஜரின் ஆள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

முதலாளி கையை உயர்த்தினார். "ஆளுக்கொரு பேச்சுப் பேசறீங்க. மிஷினுக்கு மாமன் மச்சான் கிடையாது. அதைக் கேளுங்க. அது என்ன சொல்லுதோ, அதுதான்."

ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்கியதும் மேஸ்திரி ஒரு துண்டுச் சீட்டில் வராதவர்களின் பெயர்களை எழுதி அனுப்புவார். அதைப் பார்த்து, வந்தவருக்குப் பிரசென்ட் என்று 'பி', வராதவருக்கு ஆப்சென்ட் என்று 'ஏ' அடிப்பது என் வேலை. சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டுவிடுவோம். மேடம் அன்றைய தாளை அச்செடுத்துக் கொடுத்தார். மாரிமுத்து பெயருக்கு எதிரே 'பி' இருந்தது.

"போதுமுங்க" என்றார் முதலாளி. "காலையில ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துரலாம்."

மாரிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஸ்டேஷனுக்குள் போகிற மில் தொழிலாளி எப்படி வெளியே வருவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அறைக்குத் திரும்பியதும் மேடம் என் விரல்களைப் பார்த்தார்.

"எந்தக் கீயை அழுத்துனே?"

"ஞாபகம் இல்லீங்க மேடம். சீட்டுல இருந்தபடிதான் அடிச்சிருப்பேனுங்க."

"அவன் பேர் சீட்டுல இருந்துச்சா?"

"அதுவும் ஞாபகம் இல்லீங்க."

உண்மையாகவே நினைவில்லை. நானூறு ஐநூறு பெயர்களை நாளெல்லாம் அடிக்கிறவளுக்கு ஒரு பெயர் எப்படி நினைவிருக்கும்? என்னைச் சந்தேகப்படுகிறார் என்று மட்டும் புரிந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லவில்லை. "நீ கிளம்பு, பஸ் போயிடும்" என்றார். நான் வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் முதலாளி காரில் ஏறுவதற்கு முன்னால் மேடம் அவரைக் கம்ப்யூட்டர் அறைக்குக் கூப்பிட்டார். மேனேஜரையும் கூப்பிட்டார். மாரிமுத்துவும் அவர் சிநேகிதர்கள் இருவரும் வாசலில் நின்றார்கள். செருப்பைக் கழற்றச் சொல்ல அன்று யாருக்கும் தோன்றவில்லை.

மேடம் வருகைப் புரோகிராமை ஓடவிட்டு, நாற்காலியைக் காட்டி மேனேஜரை உட்காரச் சொன்னார்.

"நானா?"

"நான் அழுத்தினா நான் ஏதோ பண்ணேன்னு சொல்லுவீங்க. நீங்களே அழுத்துங்க. முதல் பேருக்கு ஆப்சென்ட் போடுங்க."

மேனேஜர் ஒரு விரலால் 'ஏ' அழுத்தினார். ஒரு பெயருக்கு எதிரே 'ஏ' விழுந்தது.

"எண்டர் அழுத்தி அடுத்த பேருக்குப் போங்க." போனார். 'ஏ' அப்படியே இருந்தது.

"இந்த ஆளுக்கும் 'ஏ' போடுங்க. இப்போ எண்டர் வேண்டாம், கீழ் அம்பை அழுத்தி அடுத்த பேருக்குப் போங்க."

மேனேஜர் அம்பை அழுத்தினார். கர்சர் அடுத்த பெயருக்கு இறங்கியது. மேலே, 'ஏ' இருந்த இடத்தில் 'பி' நின்றது.

மேனேஜர் மறுபடியும் செய்து பார்த்தார். மறுபடியும் 'ஏ' மறைந்து 'பி' வந்தது.

மேடம் முதலாளியைப் பார்த்து, வெற்றெழுத்தையும் அதன் பின்னால் வருகிற எழுத்தையும் பற்றிச் சொன்னார். தான் முதல் பாதியைப் பார்க்காமல் விட்டுவிட்டதாகவும், அது தன்னுடைய தவறுதான் என்றும் சொன்னார்.

"மத்த ஆளுங்களுக்கு ஆப்சென்ட் சரியாத்தான விழுந்திருக்குது?" என்றார் மேனேஜர்.

"எண்டர் அழுத்துன இடத்துல சரியா விழுந்திருக்கும். அம்பு அழுத்துன இடத்துல மாறியிருக்கும். அன்னைக்கு இவ எங்க எதை அழுத்துனாள்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏஞ்சாமி, நீ அம்பு அழுத்துவியா?"

"ஒவ்வொரு சமயம் அழுத்துவேனுங்க" என்றேன். அது உண்மை.

"அப்ப இந்த மிஷினு சொல்றத நம்ப முடியாதுங்களா?"

"இதை வெச்சு ஒருத்தன்மேல கேஸ் எழுத முடியாது சார்" என்றார் மேடம்.

முதலாளி திரையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, பொதுவாக எல்லோரிடமும், "போய் வேலையப் பாருங்க" என்றார். மாரிமுத்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஸ்டேஷனுக்கு யாரும் போகவில்லை. பஞ்சு மூட்டையின் இரும்புப் பட்டை உரசிப் பொறி பறந்திருக்கும் என்று பிறகு எழுதி முடித்தார்கள். மேடத்தை மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார்கள். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அத்தனை மாதங்களாக நான் அம்பை அழுத்தியிருக்கிறேன். ஒருநாளும் 'ஏ' மாறி நான் பார்த்ததில்லை. எதை எழுதினாலும் முதலில் எதைச் சோதிப்பேன் என்று சேர்ந்த அன்றே எனக்குச் சொன்னவர், அதையே கோட்டைவிட்டாரா? வாரக் கடைசியில் எல்லாவற்றையும் ஒரு ஃப்ளாப்பியில் நகல் எடுத்துவைப்பது வழக்கம். தீப்பிடித்ததற்கு முந்தின வாரத்து நகல் பெட்டியில் இருந்தது. மேடம் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அதிலிருந்த வருகைப் புரோகிராமை ஓட்டினேன். ஒரு பெயருக்கு 'ஏ' போட்டேன். கீழ் அம்பை அழுத்தினேன்.

கர்சர் இறங்கியது. 'ஏ' அப்படியே இருந்தது. திரும்பத் திரும்ப அழுத்தினேன். அசையவில்லை.

அவருடைய கடைசி நாளன்று மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே புளியமரத்து நிழலில் சேலம் பஸ்ஸுக்கு நின்றார். நான் பின்னாலேயே போனேன்.

"மேடம், பழைய நகல்ல அம்பு சரியா வேலை செய்யுதுங்க."

அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். "யாரு கேக்கச் சொன்னாங்க உன்னை?"

"யாருமில்லீங்க. நானாத்தான் பாத்தேனுங்க."

லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும்வரை காத்திருந்தார். "அன்னைக்குச் சாயங்காலம் நீ கிளம்பினதும் ஒரு வரியை அழிச்சேன். வெற்றெழுத்தைப் பார்க்கிற வரி."

"மாரிமுத்து அண்ணன் அன்னைக்கு வரலீன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவன் பொய் சொல்லியிருக்கலாம். மேஸ்திரி வேணும்னே சீட்டுல பேரை விட்டிருக்கலாம். அந்த மேனேஜர் எப்படியாவது உள்ளே பூந்து மாத்தியிருக்கலாம். நீ தப்பா அடிச்சிருக்கலாம். எல்லார் மேலயும் எனக்குச் சந்தேகம்தான். என் புரோகிராம் ஒண்ணு மேலதான் சந்தேகமே இல்லை. அதனாலதான் பழியை அது மேல போட்டேன். அதைக் கூட்டிட்டுப் போயி யாரும் அடிக்க முடியாதில்லையா?"

"உங்க வேலை போச்சுங்களே மேடம்."

"அந்த மனுஷன் சொன்னாரே, மிஷினுக்கு மாமன் மச்சான் கிடையாதுன்னு. மிஷின் சொல்லிச்சுன்னு ஒருத்தனைக் கொண்டுபோயி, அடிச்சு ஒத்துக்க வெச்சுட்டா, அப்புறம் யாரு போயி அவனை வெளியே எடுக்கிறது? மிஷினை நம்பாதீங்கன்னு வாயால சொன்னா கேக்குற ஆளுங்களா இவங்க? கண்ணால பார்த்தாத்தான் கேப்பாங்க."

பஸ் வருவது தெரிந்தது. நான், "இதை யாருகிட்டயும் சொல்ல மாட்டேனுங்க மேடம்" என்றேன்.

"சொல்லுவே. இப்ப இல்லைன்னா பின்னால ஒருநாள் சொல்லுவே. அதுக்குள்ள எல்லாரும் ரிட்டயர் ஆகியிருந்தா சரி."

முதல்தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "சில்லறை வெச்சிருக்கியா? கண்டக்டர் மீதி தர மாட்டான்" என்றார்.

பிறகு அவரை நான் பார்க்கவில்லை. ஒருமுறை சேலம் போனபோது அவர் தங்கியிருந்த இடத்தைத் தேடிப் போனேன். காலிபண்ணிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். மில் ஆபீசில் அவர் கொடுத்திருந்த ஆத்தூர் விலாசத்துக்கு ஒரு கடிதம் போட்டேன். அப்படி ஒருவர் இல்லை என்று திரும்பி வந்தது.

மாரிமுத்துவைத்தான் பார்த்தேன். மறு வருஷம், திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில். மில்லை விட்டுவிட்டு, குமாரபாளையத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. என்னைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மில்லில் இருக்கிறவர்களைப் பற்றியெல்லாம் விசாரித்தார். லோடுமேனைப் பற்றிக் கேட்டார். கை இன்னும் மடங்கவில்லை, வாட்ச்மேன் வேலை கொடுத்திருக்கிறார்கள் என்றேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க அம்மிணி. ரொம்ப நாளா உறுத்தீட்டே இருக்குது."

"சொல்லுங்கண்ணா."

"அன்னைக்கு நான் மில்லுக்குள்ளதானுங்க இருந்தேன்."

நான் அவரைக் கூட்டத்திலிருந்து ஓரமாகக் கூட்டிப்போனேன்.

"ஷிஃப்டுக்கு வந்துட்டு, கேண்டீனுக்குப் பின்னால சங்கத்து விசயமாப் பேசீட்டிருந்தமுங்க. தீ எரியறதப் பாத்ததும் பின்பக்கத்துச் செவுரு ஏறிக் குதிச்சு ஓடீட்டேன். உள்ள இருந்தேன்னு சொன்னா யாருங்க நம்புவாங்க? அதனால தங்கச்சி ஊட்டுல இருந்தேன்னு எல்லாரும் ஒண்ணாப் பேசி வெச்சுட்டமுங்க. ஆனா தீ நான் வெக்கலீங்க. இந்தப் புள்ள மேல சத்தியமா நான் வெக்கலீங்க." குழந்தையின் தலையில் கையை வைத்தார். அது தூக்கத்தில் முகத்தைச் சுளித்தது.

அப்படியானால் மேஸ்திரி சொன்னது உண்மை. நான் அடித்தது சரி. மேனேஜர் எதையும் மாற்றவில்லை. மிஷின் சொன்னதும் சரி. பொய் சொன்னது மாரிமுத்துவும் அவர் சிநேகிதர்களும், பிறகு மேடமும். அந்தத் தீ எப்படி வந்தது என்பதற்கு இனி இந்த மனிதரின் சத்தியத்தைத் தவிர என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. நான் நம்பினேனா என்று கேட்டால், அவர் பேசிக்கொண்டிருந்த வரைக்கும் நம்பினேன். வெந்த கையோடு கேட்டில் நிற்கிற லோடுமேன் நினைவுக்கு வந்ததும் மறுபடியும் குழம்பிப்போனேன்.

"அந்தம்மா இப்ப எங்கீங்க இருக்காங்க?" என்று கேட்டார் மாரிமுத்து. "அவிங்க மிஷினு தப்பு பண்ணுச்சுன்னுதான் இன்னைக்கும் நெனச்சுட்டு இருப்பாங்க. எம்பொருட்டு வேல போச்சு. ஒருக்காப் பாத்து, உங்க மிஷினு சரியாத்தான் இருந்துதுங்கன்னு சொல்லிப் போடோணும்."

அது மேடத்துக்குத் தெரியும் என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"எங்க இருக்காங்கன்னு தெரியாதுங்கண்ணா."

"தெரியாதுங்களா? இல்ல, எனக்குச் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களா?"

"நெசமாலுமே தெரியாதுங்க. நானும் தேடிப் பாத்துட்டேன்."

மாரிமுத்து கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரிங்க அம்மிணி, வாரேனுங்க" என்று குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு போய்க் குமாரபாளையம் பஸ்ஸில் ஏறினார். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பி, ஸ்டாண்டைச் சுற்றித் திரும்புகிற வரைக்கும் அங்கிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை.